பெண்பிள்ளைகள் கதை படிக்கலாமா?

(ஒரு சிற்றூர் வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்த நண்பர்கள், எதைப்பற்றி வேண்டுமானாலும் பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள். நானும் வேறு ஏதோ பேசலாமென்றுதான் வந்தேன். ஆனால் இங்கு வந்த பிறகு, என் பேச்சு முடிந்ததும் இச்சபையில் ஒரு தீர்மானம் வரப்போகிறதென்று கேள்விப்பட்டேன். அதாவது, பெண்பிள்ளைகள் இந்த வாசகசாலையிலிருந்து மாயக்கதை, மர்மக்கதை, துப்பறியும் கதை ஆகிய புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாதென்றும், பாடப் புத்தகங்களையும் அறிவு நூல்களையும் மாத்திரமே எடுத்துப்போகலாமென்றும் அத்தீர்மானம் சொல்லுகிறதாம். அதைக் கொண்டுவருகிறவர்கள் வைதிகர்களாயிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். ஆனால் அவர்கள் நம்முடைய தோழர்கள். பெண்கள் படிக்க வேண்டும், உத்தியோகத்துக்குப் போக வேண்டும் என்று நாள்தோறும் பாடுபடுகிறவர்கள். ஆகவே இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. நான் பேச வந்ததை மூட்டைகட்டி வைத்துவிட்டு, இதைப்பற்றியே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

நான் பெரிய படிப்பாளியல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தமிழைப் பத்திரிகையில் எழுத்துக்கூட்டிப் படித்தும், இங்கிலீஷை அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்தும் ஏதோ கொஞ்சம் தெரிந்துகொண்டவன். ஆகவே இலக்கிய விமர்சனம் எதையும் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஒரு கதைப் புத்தகத்தால் எனக்கு நேர்ந்ததை மாத்திரம் சொல்லுகிறேன்.

நான் செய்த தவறு

இரண்டு வருஷத்துக்கு முன்பாயிருந்தால் இந்தத் தீர்மானத்தை நானே கொண்டுவந்திருப்பேன். என் அண்ணனுக்கு ஒரு மகள். அப்போது அவளுக்கு வயது பதினைந்து. ஒரு நாள் இரவு, கூட்டம் முடித்துவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். சமையற்கட்டு விளக்கடியில் உட்கார்ந்து, அந்தப் பெண் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தில் தன்னை மறந்து கிடந்தாள். நான் வந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. வாங்கிப் புரட்டினேன். மந்திரவாதி என்ற சொல் கண்ணில் பட்டது. உடனே எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பேயும் இல்லை, பில்லி சூனியமும் இல்லையென்று ஊரெல்லாம் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறேன், என் வீட்டிலேயே மந்திரவாதி கதையா?" என்று சொல்லிப் புத்தகத்தைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பெண் அழவில்லை. எழுந்து நின்று, "சித்தப்பா! இது கதையென்று சொல்லித்தானே விற்கிறார்கள். இதை நம்பு என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. நீங்கள் முதலில் படித்துவிட்டு வாருங்கள், பிறகு திட்டுங்கள்" என்றாள். (சிரிப்பு)

தோழர்களே! யார் சொன்னாலும் நம்பாதே, நீயே ஆராய்ந்து பார் என்று மேடைதோறும் சொல்லித் திரிகிறவன் நான். அந்தப் பாடத்தையே ஒரு சிறு பெண் எனக்குத் திருப்பிச் சொன்னபோது, வாயை மூடிக்கொண்டு படிப்பதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. பஸ்ஸிலும், ரயிலிலும், கூட்டம் தொடங்குவதற்கு முன் மேடைக்குப் பின்னாலும் உட்கார்ந்து அகராதியும் கையுமாகப் படித்தேன். முதல் பத்துப் பக்கத்தைக் குற்றம் கண்டுபிடிப்பதற்காகப் படித்தேன். அதற்கு மேல், அடுத்து என்ன ஆகுமோ என்பதற்காகப் படித்தேன். ஒரு நாள் நான் இறங்க வேண்டிய ஊர்கூடத் தாண்டிப் போய்விட்டது. (சிரிப்பு)

விழுங்கப்பட்டவள்

அந்தப் புத்தகத்தின் பெயர் 'அட்டுவான் கல்லறைகள்'. எழுதியவர் உர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க அம்மையார். 1929-ல் பிறந்து 2018-ல் காலமானார். இந்தப் புத்தகம் 1971-ல் வெளிவந்தது. வளர்ந்தும் வளராத வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதப்பட்டது. கதை நடக்கிற தீவுகள் எந்தப் பூகோளப் படத்திலும் கிடையாது. எல்லாம் அவர் கற்பனை.

அந்தத் தேசத்தில் பாலைவனத்து நடுவே ஒரு பழைய கோவில் இருக்கிறது. அங்கே பேரில்லாத தெய்வங்களுக்குப் பணிவிடை செய்ய ஒரு பூசாரிப் பெண் உண்டு. அவள் சாவதே இல்லையாம். ஒருத்தி செத்தால் அதே இரவில் வேறு ஒரு வீட்டில் பெண் குழந்தையாய்ப் பிறந்துவிடுவாளாம். ஆகவே, அவள் செத்த இரவில் பிறந்த பெண் குழந்தையைத் தேடிக் கண்டுபிடித்து, ஐந்து வயதில் தாய் தகப்பனிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்துவிடுகிறார்கள். இப்படிப் பிடிக்கப்பட்டவள்தான் தெனார் என்ற ஏழைக் குடியானவன் மகள். ஆறாவது வயதில் ஒரு சடங்கு செய்து, அவளுடைய பேரையே பிடுங்கிவிடுகிறார்கள். 'விழுங்கப்பட்டவள்' என்று அர்த்தப்படும் ஒரு பேரை வைத்து, கறுப்புத் துணியைக் கட்டி, நீதான் மகா பூசாரி, உனக்கு மேல் ஒருவரும் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அவள் அதிகாரமெல்லாம் பூமிக்கடியிலுள்ள இருட்டுச் சுரங்கங்களின் மேல்தான். அங்கே விளக்குக் கொண்டுபோகக் கூடாது. சுவரைத் தடவித் தடவித்தான் நடக்க வேண்டும். கோவிலின் பெரிய அதிகாரி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்குத் தெய்வத்தில் கடுகளவும் நம்பிக்கை கிடையாது, அதிகாரத்தில்தான் பக்தி. கோவில் நிர்வாகங்களை அறிந்த நமக்கு இந்த அம்மாளைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. (கைதட்டல்)

பதினான்காவது வயதில் தெனார் முழு அதிகாரம் பெறுகிறாள். முதல் காரியமாக, கைதிகள் மூன்று பேருக்கு அவள் வாயாலேயே சாவுத் தண்டனை சொல்ல வைக்கிறார்கள். சொல்லிவிட்டு இரவெல்லாம் தூக்கமில்லாமல் தவிக்கிறாள். பிறகு ஒரு நாள் சுரங்கத்தில் இறங்கும்போது அங்கே வெளிச்சம் தெரிகிறது. வெளியூர் மந்திரவாதி ஒருவன் ஒரு பொருளைத் தேடி உள்ளே புகுந்து, கைத்தடியில் வெளிச்சம் உண்டாக்கி வைத்திருக்கிறான். அந்த வெளிச்சத்தில்தான், இத்தனை வருஷமாய்த் தடவித் தடவி நடந்த குகை முழுதும் பளிங்குக் கல்லாய் மின்னுவதை முதன்முதலாகக் காண்கிறாள். அவளுடைய சொந்த இடம். அதை ஆளுகிறவள் அவள். ஆனால் அது அழகாயிருக்கிறதென்றுகூட அவளுக்குத் தெரியாது. ஏன்? வெளிச்சம் பாவம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். தோழர்களே, நூறு மேடைகளில் நான் தொண்டை வறளச் சொல்லியதை அந்த அம்மையார் ஒரே பக்கத்தில் கண்ணில் காட்டிவிட்டார். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சட்டப்படி அவனைக் கொல்ல வேண்டும். அவள் கதவை அடைத்து அவனைச் சிறைவைக்கிறாள். ஆனால் கொல்ல மனம் வரவில்லை. தண்ணீர் கொடுக்கிறாள், கேள்வி கேட்கிறாள். கடைசியில் இருவரும் தப்புகிறார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆண்பிள்ளை வந்து பெண்ணைக் காப்பாற்றிவிட்டான் என்று சொல்லிவிட முடியாது. வழி அவளுக்குத்தான் தெரியும். அவள் கொடுத்த தண்ணீர் இல்லாவிட்டால் அவன் செத்திருப்பான். அவன் துணை இல்லாவிட்டால் அவள் வெளியே வந்திருக்க மாட்டாள். வெளியே வந்ததும் அவனுக்கு மாலை போட்டுக் கதையை முடித்துவிடவும் இல்லை. விடுதலை கிடைத்த பிறகு அவள் அழுகிறாள். அடிமைத்தனத்தில் முடிவு செய்யும் பாரம் இல்லை. விடுதலையில் அந்தப் பாரம் உண்டு. அந்தப் பாரம் தாங்காமல் அழுகிறாள். பிறகு எழுந்து நடக்கிறாள்.

இது அமெரிக்காக்காரி எழுதிய கதை, நமக்கென்ன என்று கேட்பீர்களானால், ஐந்து வயதுப் பெண்ணைக் கோவிலுக்கு விட்டுவிடுவதைப்பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்நாட்டில் பொட்டுக்கட்டுதல் என்று அதற்குப் பெயர். அதை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் 1927-லேயே சென்னைச் சட்டசபையில் குரலெழுப்பினார்; 1947-ல்தான் சட்டம் முழு உருவம் பெற்றது. இடையில் 1936-ல், அந்தக் கொடுமையை நேரில் அறிந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 'தாசிகள் மோசவலை' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதுவும் நாவல்தான்! சட்டத்துக்காக வாதாடினவர்கள் கதையை அற்பமென்று நினைக்கவில்லை.

கதையும் பொய்யும்

நிற்க. தீர்மானக்காரர்களின் முதல் வாதம், இவையெல்லாம் மூடநம்பிக்கை என்பது. மந்திரமும் பூதமும் வருகிற புத்தகத்தைப் பகுத்தறிவுக்காரன் எப்படிப் படிப்பது என்று கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஒன்று பொய்யா கதையா என்பது அதற்குள் என்ன வருகிறதென்பதைப் பொறுத்ததல்ல. அது நம்மிடம் என்ன கேட்கிறதென்பதைப் பொறுத்தது. பாட்டி சொல்லும் நரிக்கதையில் நரி பேசுகிறது. எந்தக் குழந்தையாவது மறுநாள் நரியிடம் பேசப் போயிற்றா? ஆனால், "இது நடந்தது; நம்பாவிட்டால் பாவம்; நம்பி உண்டியலில் காசு போடு; உன் பெண்ணையும் இதன்படி நட" என்று ஒருவன் சொன்னால் அது வேறு காரியம். கதை நம்மிடம் கேட்பது புத்தகத்தின் விலையும் ஒரு மாலைப் பொழுதுந்தான். பொய் நம்மிடம் கேட்பது வாழ்நாள் முழுவதையும். லெ குவின் கதையில் அந்த இருட்டுச் சக்திகள் இருப்பதாகவே வருகிறது. ஆனால் அவை இருந்தாலும் வணங்கத் தக்கவையல்ல என்று அந்தக் கதையே சொல்லுகிறது. இதைவிடத் துணிச்சலான பேச்சை எந்தப் பகுத்தறிவு மேடையில் கேட்டிருக்கிறீர்கள்?

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். 2019-ல் போலந்து நாட்டில் சில பாதிரிமார்கள், ஹாரி பாட்டர் என்ற மாயக்கதைப் புத்தகத்தை மதத்துக்கு விரோதமென்று நெருப்பிலிட்டார்கள். உலகம் சிரித்த பிறகு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்கள். அங்கே பாதிரியார் இது மத விரோதமென்று கொளுத்துகிறார். இங்கே நம் தோழர் இது மூடநம்பிக்கையென்று பூட்டுகிறார். இருவருக்கும் நடுவில் அந்தப் புத்தகம் எங்கேதான் போகும்? (சிரிப்பு)

நம் பெண்களுக்கு நாம் சொன்ன கதைகள்

பெண்பிள்ளைகள் கதையே கேட்காமல் வளர்ந்தார்களா என்றால் அதுவும் இல்லை. தெருக்கூத்திலும், திண்ணையிலும், பெரிய எழுத்துப் புத்தகங்களிலும் தாராளமாகக் கதை சொல்லி வந்திருக்கிறோம். எப்படிப்பட்ட கதைகள்? நல்லதங்காள் பசி பொறுக்காமல் ஏழு குழந்தைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள். சந்திரமதியைப் புருஷன் விற்றான். அவள் வாய் திறக்காமல் விலைபோனாள். நளாயினி புருஷனைக் கூடையில் சுமந்தாள். எவள் அதிகம் சகித்தாளோ அவளே உத்தமி. கேட்ட பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கள் கஷ்டம் அதற்குக் குறைவுதானே என்று திருப்தியோடு வீடு திரும்பினார்கள்.

வீரப்பெண் கதை நம்மிடமும் இருந்தது. அல்லி அரசாணி கதை உங்களுக்குத் தெரியும். மதுரையை ஆண்டாள், வாள் பிடித்தாள், ஆண்களை அண்டவிடவில்லை. கேட்கும்போதே மார்பு நிமிர்கிறது. ஆனால் கதை எங்கே போய் முடிகிறது? அர்ச்சுனன் பாம்பு உருவில் உள்ளே புகுந்து, அவள் அயர்ந்து தூங்கும்போது தாலியைக் கட்டிவிடுகிறான். தீர்ந்தது அல்லியின் அரசு. விழித்திருந்தால் கட்டியிருக்க முடியுமா? முடியாதென்று கதை கட்டினவனுக்கே தெரியும். அதனால்தான் தூங்க வைத்தான். வீரத்தைக் காட்டுவதற்கல்ல, அது அடங்கியதைக் காட்டுவதற்காகவே அவளை வீரியாக்கினார்கள். இந்தப் புதிய நாவல்களுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் என்னவென்றால், இவற்றில் கடைசிப் பக்கம் வரையில் அந்தப் பெண் விழித்திருக்கிறாள். அவ்வளவுதான். ஆனால் அது பெரிய வித்தியாசம்.

பேயைத் தேடிப்போன பெண்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அண்ணன் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இதையும் படியுங்கள் சித்தப்பா" என்று இன்னும் சில புத்தகங்களைக் கொடுத்தாள். அவற்றில் இரண்டைப்பற்றி மாத்திரம் சொல்லுகிறேன்.

ஒன்று நான்சி ட்ரூ என்ற பெண் துப்பறியும் கதைகள். 1930-ல் அமெரிக்காவில் தொடங்கின. முதலில் வெளிவந்த புத்தகங்களில் அவளுக்கு வயது பதினாறு. சொந்த மோட்டார் ஓட்டுகிறாள். இரண்டாவது புத்தகத்தின் பெயர் 'மறைந்திருக்கும் மாடிப்படி'. இரண்டு வயதான சகோதரிகள் வாழும் வீட்டில் இரவில் ஏதேதோ சத்தம், சாமான்கள் காணாமற் போகின்றன. பேய் வீடென்று பயப்படுகிறார்கள். நம்மூராயிருந்தால் அடுத்த நாள் உடுக்கைச் சத்தம் கேட்கும். நான்சியோ பெட்டி படுக்கையோடு அந்த வீட்டுக்கே குடிபோகிறாள். சுவரைத் தட்டிப் பார்க்கிறாள், அளந்து பார்க்கிறாள். முடிவில் பேயுமில்லை, பிசாசுமில்லை. ரகசியப் படி வழியாக ஓர் ஆண்பிள்ளை வந்து பயமுறுத்தியிருக்கிறான். நாம் பேயைப்பற்றி மூன்று மணி நேரம் பிரசங்கம் செய்கிறோம். பாதிப் பேர் தூங்கிவிடுகிறார்கள். அந்தக் கதையைப் படிக்கிற பெண் தூங்குவதில்லை. அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதிகளாயிருந்த சாண்ட்ரா டே ஓ'கானர், ரூத் பேடர் கின்ஸ்பர்க் ஆகியோர் சிறுவயதில் தாங்கள் விரும்பிப் படித்தது நான்சி கதைகளென்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த நாளில் அங்கேயும் பல நூல்நிலையங்கள், இவை மட்டரகமான கதைகளென்று வாங்க மறுத்தன. ஆகவே இன்றையத் தீர்மானம் ஒன்றும் புதிதல்ல.

திருவுளச்சீட்டின் ரகசியம்

மற்றொன்று 'பசி விளையாட்டுகள்' என்று சொல்லத்தக்க பேருடைய நாவல். சூசன் காலின்ஸ் என்ற அம்மையார் எழுதியது, 2008-ல் வெளிவந்தது. ஒரு கொடுங்கோல் தலைநகரம். அதன் கீழ்ப் பன்னிரண்டு மாவட்டங்கள். ஒவ்வொரு வருஷமும் மாவட்டத்துக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரையுள்ள பிள்ளைகள் 24 பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒருவன் மிஞ்சும் வரையில் ஒருவரையொருவர் கொல்லவிட்டு, அதைத் தலைநகரத்தார் டெலிவிஷனில் பார்த்து ரசிக்கிறார்கள். கதாநாயகி காட்னிஸ், நிலக்கரிச் சுரங்க மாவட்டத்துக்காரி. பதினொரு வயதில், சுரங்க வெடிப்பில் தகப்பனைப் பறிகொடுத்தவள். வில்லெடுத்து வேட்டையாடித் தாயையும் தங்கையையும் காப்பாற்றுகிறவள். பன்னிரண்டு வயதுத் தங்கையின் பேருக்குச் சீட்டு விழுகிறது. தங்கைக்குப் பதில் நான் போகிறேனென்று இவள் முன்வருகிறாள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சண்டையல்ல. அந்தச் சீட்டின் கணக்கு. வருஷத்துக்கு ஒரு சீட்டென்பது எல்லோருக்கும் பொது. ஆனால் வீட்டில் பசியென்றால், கூடுதலாக ஒரு சீட்டுப் போட்டுக்கொண்டு, ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு அரைகுறையாகப் போதுகிற தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். இப்படிப் பதினாறு வயதில் காட்னிஸுக்கு இருபது சீட்டுகள். அவள் தோழனுக்குப் பதினெட்டு வயதில் நாற்பத்திரண்டு. பணக்காரப் பிள்ளைக்கு ஏழு சீட்டுகளுக்கு மேல் சேரவே சேராது. சீட்டு விழுந்ததும் ஜனங்கள் அதிர்ஷ்டம், துரதிர்ஷ்டம் என்கிறார்கள். தோழர்களே! நாம் தலைவிதி என்று சொல்லுகிறோமே, அதன் சூத்திரம் முழுவதும் இதில் இருக்கிறதா இல்லையா? விதி என்று பேர் வைத்த பாத்திரத்துக்குள் ஏழையின் பேரை நாற்பத்திரண்டு தடவை எழுதிப் போட்டவன் மனிதன். இதைப் பதினைந்து வயதுப் பெண் ஒரு மாயக்கதையில் படித்துத் தெரிந்துகொள்ளுகிறாள். நாம் அதைத் தடுக்கத் தீர்மானம் போடுகிறோம்.

கதையால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள் இதையும் கேட்கட்டும். 2014-ம் வருஷம் மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எதிர்த்தவர்கள், இந்தக் கதையில் வருகிறபடி மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அந்த மூன்று விரல்களுக்குப் பயந்து மாணவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2021-ல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோதும் அதே அடையாளம் வீதிகளில் எழுந்தது. பிள்ளைகள் கதையென்று நாம் சொல்லுவதைச் சர்வாதிகாரிகள் அப்படி நினைக்கவில்லை.

பேரை மறைத்தவர்கள்

இக்கதைகளை எழுதிய பெண்களின் கதையும் கேட்கத் தக்கது. ஹாரி பாட்டர் எழுதிய அம்மையாரின் பேர் ஜோன். பெண் எழுதியதென்று தெரிந்தால் பையன்கள் வாங்கமாட்டார்களென்று பிரசுரகர்த்தர்கள் பயந்ததால், 1997-ல் ஜே. கே. ரௌலிங் என்று எழுத்துகளாய்ச் சுருங்கினார். நான் சொன்ன லெ குவின் அம்மையாரையும், 1969-ல் ஆண்களுக்கான ஒரு பத்திரிகை, யு. கே. லெ குவின் என்று போட்டுத்தான் கதையை வெளியிட்டது. நான்சி கதைகளில் முதல் புத்தகங்களை எழுதிய மில்ட்ரெட் வர்ட் அம்மையாருக்குப் புத்தகத்துக்கு 125 டாலர் கூலி; அட்டையில் வேறு ஒரு கற்பனைப் பேர். அவர்தான் எழுதினாரென்பது 1980-ல் ஒரு கோர்ட்டு வழக்கில்தான் ஊரறிய வெளிப்பட்டது. பெண் வாளெடுப்பதாகக் கதை எழுதலாம். எழுதினவள் பெண்ணென்று மாத்திரம் சொல்லக் கூடாது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லெ குவின் அம்மையார் தம் முதல் புத்தகங்களில் மந்திரக் கல்வி முழுவதையும் ஆண்களுக்கே கொடுத்துவிட்டார். தாம் ஆண்களின் கண்ணால் பார்த்தே அவற்றை எழுதிவிட்டதாகப் பிற்காலத்தில் பகிரங்கமாக ஒப்புக்கொண்டு, 1990-ல் அதே தெனாரை நடுவயது விதவையாக வைத்து இன்னொரு புத்தகம் எழுதினார். தான் எழுதியதைத் தானே திருத்திக்கொள்ளுகிற இந்த நேர்மை எந்தச் சாஸ்திரக்காரனுக்காவது இருந்ததா?

கெட்டுப்போவார்களா?

அடுத்தபடியாக, பெண்கள் கெட்டுப்போவார்கள் என்கிறார்கள். எல்லா நாவலும் நல்லதென்று நான் சொல்ல வரவில்லை. 2005-ல் வெளிவந்து லட்சக்கணக்கில் விற்ற ஒரு கதையில், ரத்தம் குடிக்கிற ஒருவன் கதாநாயகி தூங்கும்போது இரவில் அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். அதற்குக் காதலென்று பேர். அர்ச்சுனனே கோட்டுப் போட்டுக்கொண்டு வந்ததுபோல் எனக்குப் பட்டது. அண்ணன் மகளிடம் கேட்டேன். "அதையும் படித்தேன் சித்தப்பா. தூங்குகிறவளைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறவன் காதலனா? எங்கள் வகுப்பில் எல்லோரும் சிரித்தோம்" என்றாள். நான்கு நல்ல புத்தகம் படித்தவளுக்கு ஐந்தாவது கெட்ட புத்தகத்தைக் கண்டுபிடிக்கத் தெரிகிறது. படிக்கவே விடாமல் வைத்திருக்கிறவளுக்குத்தான் ஏமாறுவது சுலபம்.

உண்மையில், புத்தகத்தின் மேல் நமக்குக் கோபம் அல்ல. பையன் புத்தகத்தோடு உட்கார்ந்தால் படிக்கிறான் என்கிறோம். பெண் புத்தகத்தோடு உட்கார்ந்தால் சும்மா இருக்கிறாள் என்கிறோம். பரீட்சைக்குப் படித்தால் சம்மதிக்கிறோம். ஏனென்றால் அதனால் உத்தியோகமும், நல்ல மாப்பிள்ளையும், நமக்குப் பெருமையும் வருகிறது. அவள் தன் சந்தோஷத்துக்காக ஒரு மணி நேரம் படித்தால் அதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. ஒருவருக்கும் பிரயோஜனமில்லாமல், தனக்கென்று மட்டும், ஒரு பெண் சந்தோஷப்படக் கூடாதா? ஆண்களாகிய நாம் சீட்டாட்டத்திலும் சினிமாவிலும் எந்தப் பிரயோஜனத்தைக் கண்டோம்?

கதை சோறு போடாது, எனக்குத் தெரியும். காட்னிஸைப் படித்ததனால் ஒரு பெண்ணுக்குச் சொத்துரிமை வந்துவிடாது, கூலி உயராது. அதற்கெல்லாம் நாம் தனியே பாடுபட்டாக வேண்டும். ஆனால், "இந்த இடத்தில் நானாயிருந்தால் என்ன செய்வேன்?" என்று ஒரு பெண் முதன்முதலாகத் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளுவது, அநேகமாக ஒரு கதைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டுதான். அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகாதவளிடம் நாளைக்கு நாம் எந்த உரிமையைக் கொடுத்தாலும், அதையும் புருஷனிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவாள்.

ஆகவே தோழர்களே! அத்தீர்மானத்தைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். கொண்டுவந்துதான் தீரவேண்டுமானால், அதற்குப் பதிலாக இதைக் கொண்டுவாருங்கள். இந்த வாசகசாலை அலமாரிகளில் எதையும், எந்தப் பெண்ணும், தானே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். அவள் எடுத்த புத்தகத்தைப் பறிக்க நினைக்கும் தகப்பனும் சித்தப்பனும் முதலில் அதை ஒரு பக்கம் விடாமல் படித்தாக வேண்டும். (நீண்ட கைதட்டல்) தினம் மாலையில் ஒரு மணி நேரம் வீட்டுப் பாத்திரத்தை ஆண்கள் கழுவினால் அவள் படிக்க நேரமும் கிடைக்கும். இதை நான் என் வீட்டில் ஆரம்பித்துவிட்டேன். முதல் வாரத்தில் இரண்டு கிண்ணம் உடைந்தது. பிறகு ஒன்றும் உடையவில்லை. (சிரிப்பு)

இதோ இந்தப் பையில் இருப்பது அண்ணன் மகள் வாங்கிக் கொடுத்த 'அட்டுவான் கல்லறைகள்'. இந்த வாசகசாலைக்கென்றே கொடுத்தனுப்பினாள். தலைவரவர்களிடம் ஒப்படைக்கிறேன். அதை அலமாரியில் வைப்பதா, பூட்டி வைப்பதா என்பதை இன்னும் சிறிது நேரத்தில் நீங்கள் முடிவு செய்யப்போகிறீர்கள். முடிவு செய்யுமுன், அதோ பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் பெண்பிள்ளைகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று வேண்டிக்கொள்ளுகிறேன்.